இருபத்திரண்டாவது அட்டை

ஏழு பெண்கள். மூன்று நடுவர்கள். தகரப் பெட்டியில் இருபத்தொரு மதிப்பெண் அட்டைகள் இருக்க வேண்டும்.

போட்டிக் கமிட்டியின் வாண்டா ப்ரெக் இரண்டு முறை எண்ணிவிட்டாள். இருபத்திரண்டு இருந்தன.

அதிகப்படியாக இருந்த அட்டையை ஒருமுறை படித்தாள். படித்ததும் கமிட்டி அறைக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எலுமிச்சை ஜூஸ் வரிசையில் நின்றிருந்த ஆர்டித் கோல்டர்மனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

ஆர்டித்துக்கு நாற்பத்தெட்டு வயது. பதினாறு வருடங்கள் டில்டன் கவுண்டி ஷெரிஃபின் துணை அதிகாரியாக இருந்தவள். இப்போது மாட்டுத் தீவனக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். இன்று ஒருநாள் மட்டும், கவுண்டியின் வருடாந்தர விவசாயக் கண்காட்சியில் நடக்கும் ராணிப் போட்டிக்கு நடுவர். வரவேண்டியவர் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் நேற்று வாண்டா போன் செய்து கெஞ்சியிருந்தாள். இந்த மைதானத்துக்குள் முப்பது வருடங்களாகக் கால் வைக்காத ஆர்டித், ஏன் சரி என்று சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

அவள் பின்னாலேயே, குச்சியில் செருகிச் சோளமாவில் பொரித்த சாஸேஜைக் கடித்தபடி லானி டெஷ் வந்தான். அவளுடைய உதவியாளன். முன்பு மாட்டுச் சந்தையில் ஏலம் கூறியவன். வேலையை விட்டாலும் வாய் அவனை விடவில்லை.

"லானி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்," என்றாள் வாண்டா.

"உள்ள விட்டீங்கன்னா என் வாய் சாப்பிடும், மேடம். வெளிய விட்டீங்கன்னா பேசும். உங்க இஷ்டம்."

வாண்டா அவனையும் உள்ளே விட்டாள். அட்டையை ஆர்டித்திடம் கொடுத்தாள்.

நான்காக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் பழுப்பேறிய அட்டை. பென்சில் எழுத்து.

*எண் 8. ரோவீனா ஸ்டூர்ம். நிமிர்வு: 10. பேச்சு: 10. தையல்: 9. நீல கவுன், தானே தைத்தது. விளிம்பு ஒரு நூல் இறக்கம். பதில்: மைக்கைக் கையில் கொடுத்தால் முதலில் என் அப்பாவின் காளையைப் பற்றித்தான் பேசுவேன்.*

ஆர்டித் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். வெளியே ராட்டினத்தின் இசை ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருந்தது. முப்பது வருடங்களுக்கு முன்னாலும் இதே மெட்டுதான்.

"யாரோ பண்ற கேலி ஆர்டித்," என்றாள் வாண்டா. "வருஷா வருஷம் ஒரு பேய்க்கதை கிளம்புது. போன வருஷம்கூட, ராட்டினத்து உச்சியில நீல கவுன் போட்ட பொண்ணு தனியா உக்காந்திருந்தான்னு ரெண்டு பேர் சத்தியம் பண்ணாங்க."

"எட்டாம் நம்பர்னு இன்னைக்கு யாருமே கிடையாதே?" என்றான் லானி.

"முப்பது வருஷமா கிடையாது," என்றாள் ஆர்டித். "எட்டுப் பேர் வந்தாலும் ஏழுக்கு அடுத்து ஒன்பதாம் நம்பர் வில்லையைத்தான் சட்டையில குத்துவாங்க."

லானி மெல்லுவதை நிறுத்தினான்.

"அந்த வருஷம் ஏழாம் நம்பர் நான் லானி. இதே கட்டடம். வெளிய பெஞ்சுல எனக்குப் பக்கத்துல, கடைசி ஆளா, எட்டாம் நம்பர் ரோவீனா. என்னைக் கூப்பிட்டப்ப, 'கேள்வி என்னன்னு கண்ணாலயாவது சொல்லிட்டுப் போடி'ன்னா. நான் முடிச்சிட்டுப் பின்கதவு வழியாப் போயிட்டேன். எட்டாம் நம்பரைக் கூப்பிட்டோம், வரலைன்னு நடுவருங்க சொன்னாங்க. மறுநாள் ராட்டினக் கம்பெனி ஊரைவிட்டுப் போச்சு. ராட்டினம் ஓட்டுறவனோட ஓடிட்டான்னு ஊரே பேசிச்சு. அவளை யாரும் தேடவே இல்ல. சாயங்காலம் கிரீடத்தை என் தலையில வெச்சாங்க."

இந்தக் கதையை அவனிடம் அவள் சொல்வது இதுதான் முதல் தடவை. ஒன்பது வருடங்கள் கூட வேலை செய்தவன் அவன்.

"சரி பாஸ்," என்றான் லானி மெதுவாக. "பேய் எழுதிச்சுன்னே வெச்சுக்குவோம். தன் தையலுக்குத் தானே ஒரு மார்க் குறைச்சுக்குமா?"

ஆர்டித்தின் முகம் மாறியது. அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியான்னு உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கேன்! வாண்டா, இந்தத் தையல் கட்டத்தை இப்ப என்ன பண்றோம்?"

"அடிச்சிடறோம். இருபது வருஷமா தையலுக்கு மார்க் கிடையாது. பழைய அட்டை கட்டுக்கட்டா மிச்சம் இருக்கறதால..."

"இதுல அடிக்கல. மார்க் போட்டிருக்கு. இது இன்னைக்கு எழுதினது இல்ல. அன்னைக்கே எழுதினது."

"அதான் வரலையே அவ?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." ஆர்டித் எழுந்துவிட்டாள். "கவுன் விளிம்பு ஒரு நூல் இறங்கியிருக்கறது எத்தனை அடி தூரத்துல தெரியும்? எதிர்ல வந்து நின்னாத்தான் தெரியும். இன்னொண்ணு. அன்னைக்குக் கேட்ட கேள்வி எனக்கு மறக்கல. 'கிரீடம் வெச்சதும் மைக்குல முதல்ல எதைப் பத்திப் பேசுவே?' நான் லைப்ரரியைப் பத்தி ஏதோ உளறினேன். கேள்வி வெளிய போகக்கூடாதுன்னுதான் எங்களைப் பின்கதவு வழியா அனுப்பினாங்க. உள்ள வராதவ அந்தக் கேள்விக்கு எப்படி பதில் சொன்னா?"

"வந்திருக்கா," என்றான் லானி. "மூணு நடுவரும் சேர்ந்து பொய் சொல்லியிருக்காங்க."

"மூணு பேர் இல்ல." ஆர்டித் கண்ணை மூடிக்கொண்டாள். "பாதிரியார் சம்சாரமும் பத்திரிகை ஆசிரியரும் என்னோடயே பின்கதவு வழியா வெளிய வந்தாங்க. புழுக்கம் தாங்கல, அஞ்சு நிமிஷம் காத்து வாங்கிட்டு வரோம்னு. தண்ணி பம்ப் வரைக்கும் பேசிக்கிட்டே நடந்தோம். ரெண்டு பேரும் இப்ப கல்லறையில இருக்காங்க. உள்ள மிச்சம் இருந்தது ஒருத்தர்தான். எட்டாம் நம்பர் வரலைன்னு அவர் சொன்னதை இவங்களும் நம்பியிருக்காங்க."

மூவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். எதிர்க் கூடாரத்தின் நிழலில், வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் டெல்பர்ட் ஹௌகன் வேகவைத்த சோளத்தைக் கத்தியால் சீவிச் சீவித் தின்றுகொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. ஊரிலிருந்த ஒரே மாட்டு டாக்டர். நாற்பது வருடங்களாகத் தலைமை நடுவர்.

"இடிக்குது பாஸ்," என்றான் லானி. "தப்பு பண்ணவனே ஆதாரத்தைப் பத்திரமா வெச்சிருந்து, கொண்டுவந்து பெட்டியில போடுவானா? வேற யாராவது அதைக் கண்டெடுத்து..."

"பெட்டி எங்க மூணு பேர் கைக்கு நடுவுலதான் இருந்தது. நான் போடல. மூணாவது நடுவர் பிலிஸ், பாட்டு டீச்சர், இந்த ஊருக்கு வந்தே ஆறு வருஷம்தான் ஆகுது."

வாண்டா தொண்டையைச் செருமினாள். "டாக்டருக்கு இப்பல்லாம் நிதானம் இல்ல, ஆர்டித். காலையில என்னை எங்கம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆள் வரலைன்னதும் உங்க பேரைச் சொன்னதே அவர்தான். சொல்லிட்டு, பத்து நிமிஷத்துல யாரைப் போட்டிருக்கீங்கன்னு என்னையே கேக்கறார்."

அப்போதுதான் ஆர்டித்துக்குக் காலையில் பார்த்தது உறைத்தது. ஏழாவது பெண் எழுந்து போன பிறகும் டாக்டரின் பார்வை அந்தக் காலி நாற்காலியை விட்டு அகலவில்லை. தலையைக்கூட ஒருமுறை ஆட்டினார், யாரோ பேசுவதைக் கேட்பவர்போல.

"அவர் கண்ணுக்கு அவ தெரியறா," என்றாள்.

"பாஸ், எனக்குச் சாஸேஜ் இறங்க மாட்டேங்குது."

"வாண்டா, எட்டாம் நம்பர் வில்லை இருக்கா?"

ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் வில்லைகள் இருந்த டப்பாவில் எட்டு மட்டும் புதுசுபோல் பளபளத்தது. ஆர்டித் அதைச் சட்டையில் குத்திக்கொண்டாள்.

"இன்னும் ஒரு பொண்ணு பாக்கின்னு சொல்லி அவரைக் கூட்டிட்டு வாங்க. லானி, நீ பின்கதவுக்கு அந்தப் பக்கம். மூச்சு விடாதே."

"பேசாதேன்னு சொல்லாம மூச்சு விடாதேங்கறீங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்," என்று முணுமுணுத்துக்கொண்டே லானி போனான்.

டாக்டர் மெல்ல நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். எதிரே நாற்காலியில் ஆர்டித். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வில்லையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஜன்னல் திரை உப்பி அடங்கியது.

"எட்டாம் நம்பர்," என்றார்.

"ஆமாம் டாக்டர்."

"கிரீடம் வெச்சதும் மைக்குல முதல்ல எதைப் பத்திம்மா பேசுவே?"

ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அட்டையில் இருந்ததை அப்படியே சொன்னாள். "என் அப்பாவோட காளையைப் பத்தி."

"எந்தக் காளை?"

இது அட்டையில் இல்லை. ஆனால் ஸ்டூர்ம் வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். ரோவீனா காணாமல் போவதற்கு முந்தைய வருடம் அவள் அப்பா ஒரு காளை வாங்கினார். அது வந்த பிறகு நாற்பது பசுக்களுக்கும் கன்று கலைந்தது. ஒட்டுவாரொட்டி நோய் என்று அரசாங்கம் மொத்த மந்தையையும் கொண்டுபோய் வெட்டியது. அந்தக் காளை யார் வீட்டிலிருந்து வந்தது? டாக்டரின் மைத்துனர் பண்ணையிலிருந்து. அந்தக் கோடை முழுக்க ரோவீனா வேலை பார்த்தது எங்கே? டாக்டரின் மருத்துவமனையில். ஆர்டித் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தாள்.

"நோய் இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காளை. காகிதம் என்கிட்ட இருக்கு."

டாக்டரின் தாடை அசைந்தது. எழுந்தார். அவள் முழங்கையைப் பிடித்தார். எலும்பும் தோலுமான பிடி.

"மைக்குல எல்லாம் வேண்டாம்மா. நிஜமான சான்றிதழ் என் கொட்டகையில இருக்கு. வா, காட்டறேன்."

மத்தியான வெயிலில் இருவரும் கண்காட்சிக்குள் நடந்தார்கள். லானி இருபதடி பின்னால் வந்தான். முயல் கூண்டுகளைத் தாண்டி, பன்றிகளைக் கழுவும் இடத்தைத் தாண்டிப் போனார்கள். "டாக்டர், எப்படி இருக்கீங்க?" என்று ஆட்கள் தொப்பியைத் தொட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். அன்றைக்கும் இப்படித்தான் கூட்டிப் போயிருப்பார். இத்தனை பேர் பார்க்க, இதே பகல் வெளிச்சத்தில். எவருக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றுமே இருந்திருக்காது. நம்ம டாக்டர், நம்ம ஊர்ப் பெண். ஆர்டித்துக்குத் தன் கால்கள் தன்னுடையவையாகத் தோன்றவில்லை. காலைச் சுற்றி ஏதோ துணி உரசுவதுபோல் இருந்தது. அவள் போட்டிருந்தது கால்சட்டை.

டாக்டர் நின்றார். ராணிப் போட்டியின் சிமெண்ட் மேடை. காகிதப் பூக்கள் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஆறு மணி முடிசூட்டு விழாவுக்கு எல்லாம் தயாராக இருந்தது. மேடையில் அந்த நேரத்தில் யாரும் இல்லை.

"என் வைத்தியக் கொட்டகை இங்க இருந்தது," என்றார். "மாடியில என் மேஜை. ஏணிப்படி இந்த மூலையில. அவகிட்ட இருந்த சான்றிதழ் நகலைக் கொடுன்னு கேட்டேன். கொடுக்க மாட்டேன்னா. பிடுங்கினேன். தள்ளணும்னு நினைக்கல. கீழ தண்ணித் தொட்டி. அதோட விளிம்புல தலை பட்டுது."

ஆர்டித் அசையவில்லை.

"ஏன் பேசாம நிக்கறே ஆர்டித்?" என்றார் டாக்டர். "கேளு. கேக்கத்தானே உன்னை வரவழைச்சேன்."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் தெளிவாக இருந்தன. அவற்றில் கலக்கமே இல்லை.

"உங்களுக்கு... நான் யாருன்னு..."

"உள்ள நுழையும்போதே தெரியும். நீ ஏழாம் நம்பர். லைப்ரரி பத்திப் பேசினே. எட்டு மார்க் போட்டேன்." அவர் மேடை விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். "மறதி வந்திருக்கறது நிஜம். வசந்த காலத்துல நகரத்து டாக்டர் மூளையைப் படம் எடுத்துக் காட்டினார். அடுத்த வருஷம் என் பொண்ணையே அடையாளம் தெரியாதாம். பேர் ஒவ்வொண்ணாப் போகுது. ஒரு நாள் காலையில எழுந்திரிச்சப்ப ரோவீனாங்கற பேர் வரல எனக்கு. மத்தியானம் வரைக்கும் வரல. அவ எங்க இருக்கான்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான். நானும் மறந்துட்டா அவ இருந்த இடமே இல்லாம போயிடும். அன்னைக்குத்தான் அட்டையை வெளிய எடுத்தேன்."

"நேரா வந்து சொல்லியிருக்கலாமே?"

"ஷெரிஃப் ஆபீசுக்கு நாலு தடவை வந்தேன். ஒரு தடவை நீதான் காபி கொடுத்தே. குடிச்சிட்டு, நாய்க்கு லைசென்ஸ் கேக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். வாய் வரலம்மா. நீயா கண்டுபிடிச்சா ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும்னு நினைச்சேன்."

பின்னால் லானி வந்து நின்றிருந்தான். அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"எங்க இருக்கா?" என்றாள் ஆர்டித்.

அவர் கையால் சிமெண்டைத் தட்டினார். "கண்காட்சியில சாகிற மாட்டுக்குச் சுண்ணாம்புக் குழி கொட்டகைக்குப் பின்னால இருக்கும். திறக்கறதும் மூடறதும் என் பொறுப்பு. அடுத்த வருஷம் கொட்டகையை இடிச்சு, என் செலவுல மேடை கட்டிக் கொடுத்தேன்."

இருபத்தொன்பது ராணிகள் இதன்மேல் நின்று சிரித்திருக்கிறார்கள். கேட்கக் கூடாது என்று நினைத்த கேள்வி வாயை முந்திக்கொண்டது.

"விழுந்ததும் போயிட்டாளா?"

டாக்டர் ராட்டினத்தைப் பார்த்தார். ராட்டினம் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி ஏறினார்கள்.

"டாக்டர், நீங்க மருத்துவம் படிச்சவர். மூச்சு இருந்துதா?"

"இருந்துது," என்றார். "நாடியைப் பிடிச்சுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் இருந்துது. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். யாரையும் கூப்பிடல."

ஆர்டித் கையை ஓங்கிவிட்டாள். லானி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கிப் பிடிக்கவில்லை. பிடித்தான், அவ்வளவுதான். அவள் கையை இறக்கினாள். சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"ஷெரிஃபைக் கூப்பிடு, லானி. வாண்டாகிட்ட சொல்லு, முடிசூட்டு விழா இங்க இல்ல, எங்கயாவது புல்தரையில நடத்தட்டும்."

கால்மணி நேரத்தில் மேடையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியாயிற்று. காரின் பின்சீட்டில் ஏற்றும்போது டாக்டர் துணை அதிகாரியிடம், "என்னை எங்கப்பா கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். அது மறதியா, நடிப்பா என்று கண்டுபிடிக்க ஆர்டித் விரும்பவில்லை. ஏழு பெண்கள் பளபளக்கும் கவுன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள், ஏனென்று தெரியாமலே.

"அவங்க வீட்டுல யாராவது இருக்காங்களா பாஸ்?" என்றான் லானி.

"அம்மா. லூத்தரன் சர்ச் கடையில, பழம் வெச்சுச் சுட்ட 'பை' பலகாரம் வெட்டிக் கொடுத்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு கண்காட்சியையும் விட்டதில்ல."

"நான் வேணா சொல்லட்டுமா?"

"நான்தான் சொல்லணும்."

சர்ச் கடையில் கூட்டம் குறைந்திருந்தது. ஹெல்கா ஸ்டூர்முக்கு எழுபத்தாறு வயது. மாவு படிந்த மேலங்கியோடு செர்ரிப் பலகாரத்தை ஆறு துண்டாக்கிக்கொண்டிருந்தார். ஆர்டித்தின் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"மிசஸ் ஸ்டூர்ம், ரோவீனா ஓடிப் போகல. அன்னைக்கு மத்தியானமே இங்கயே..." ஆர்டித் மேஜைமேல் இருந்த கத்தியை ஓரமாக நகர்த்தினாள். "டாக்டர் ஹௌகன் ஒத்துக்கிட்டார். அப்பாவுக்காகப் பேசப் போனா. அதுக்காகத்தான்."

கிழவி மேஜைமேல் சிந்தியிருந்த மாவில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"ஓடிப் போகலைன்னு எனக்குத் தெரியும்," என்றார். "முப்பது வருஷம் இந்த ஊரோட சண்டை போட்டேனே. கடையில, சர்ச்சுல, எங்க வாய் திறந்தாங்களோ அங்க. என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைன்னு."

"ஆமாம்."

"வீட்டுக்குப் போயித் தனியா உக்காந்தா, ஓடிப் போயிருக்கணும் சாமின்னுதான் வேண்டிக்குவேன். அவன் நல்லவனா இருக்கணும், அவளை அடிக்காம வெச்சுக்கணும், ரெண்டு புள்ளைங்க இருக்கணும்னு. அந்த ராட்டினக்காரனை நான் பார்த்தது கூட இல்ல, ஆர்டித். அவனுக்கு ஒரு பேர்கூட வெச்சிருந்தேன்."

ஆர்டித் மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மாவு படிந்த அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"என்ன பேர் வெச்சீங்க?"

ஹெல்கா அந்தப் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அழுதார்.